மாரி பிறந்ததைப் பார்த்தவள்

சரவணா,

நம் வீட்டுக்கு எதிரே இருக்கிற விளக்குக் கம்பத்தில் நேற்று உன் படம் இன்னொன்றைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏற்கெனவே இருந்த படத்தில் நீ கைகட்டிக்கொண்டு சிரிக்கிறாய். இதில் பந்தை ஒரு காலால் மிதித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறாய். திகாம் பத்துச் சாலை நெடுக நீதான். பாசாருக்குப் போனால் நீ, கிளினிக்குக்குப் போனால் நீ, குப்பைத் தொட்டிக்கு மேலேயும் நீ. கோழிக்கடைக்காரர் வெட்டிக்கொண்டே, "என்னம்மா, ஒய்பியோட அம்மா இன்னும் வரிசையில நிக்கிறீங்க" என்று கிண்டல் செய்கிறார். இன்னும் ஓட்டே விழவில்லை, அதற்குள் சட்டமன்ற உறுப்பினரைக் கூப்பிடுகிற பெயர் உனக்கு வந்துவிட்டது. பெற்ற பிள்ளையின் படத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாள் எனக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை. வந்துவிட்டது.

போனில் பேசலாம் என்றால் நீ பாதியில் வெட்டிவிடுகிறாய். "மா, ஆளுங்க இருக்காங்க, அப்புறம் பேசுறேன்லா" என்று சொன்னது போன சனிக்கிழமைக்குப் பிறகு நான்கு முறை. குரல் பதிவு அனுப்பினால் அதை உன் உதவியாளன் கேட்கிறான் என்று இப்போதுதான் புரிந்தது. நான் உன்னைத் திட்டி அனுப்பியதற்கு, கைகூப்புகிற பொம்மையும் "தங்கள் ஆதரவுக்கு நன்றி" என்ற வாசகமும் பதிலாக வந்தன. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். ஆறாம் வகுப்புத் தமிழ்தான், பொறுத்துக்கொள். இதை இன்னும் நான்கு பேர் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. ஒரு பிரதியை மாரிக்குக் கொடுக்கப் போகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை காலை மாரியோடு சுங்கைப் பட்டாணிப் பதிவு அலுவலகத்துக்குப் போகிறேன். அவன் இந்த நாட்டில்தான், நம் பக்கத்து லயத்து வீட்டில்தான் பிறந்தான் என்று சாட்சி சொல்லப் போகிறேன். நீ போகக் கூடாது என்றாய். உன் தேர்தல் சனிக்கிழமை, அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாய். நான் போகிறேன்.

மாரி எப்படிப் பிறப்புப் பத்திரம், சூராட் இல்லாதவன் ஆனான் என்று நீ மேடையில் ஒரு கதை சொல்கிறாய். அரசாங்கம் கைவிட்டது, முந்தைய ஆட்சி கைவிட்டது, எதிர்க்கட்சி கைவிட்டது என்று அடுக்குகிறாய். நடந்தது என்ன என்று உனக்கு முழுதாகத் தெரியாது. உனக்கு அப்போது மூன்று மாதம், என் இடுப்பில் இருந்தாய். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் நாம் இருந்த லயத்தில் அஞ்சலை வீடு அடுத்த கதவு. மதியம் ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த லோரி மழைச் சேற்றில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. மருத்துவச்சிக் கிழவியும் நானும்தான் இருந்தோம். உன்னைப் பாயில் கிடத்திவிட்டு வெந்நீர் வைத்தேன், அஞ்சலையின் தோளைப் பிடித்துக்கொண்டேன். மாரி வெளியே வந்து அழுததை இந்தக் கண்ணால் பார்த்தேன். அவளுக்கு முதல் இரண்டு நாள் பால் சுரக்கவில்லை. உனக்குக் கொடுத்துவிட்டு அவனுக்கும் கொடுத்தேன். அவன் உன்னைவிட அதிகமாகக் குடித்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு நாங்கள் செய்தது தோட்டத்து ஜனங்கள் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம். பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக்கொட்டகையில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. பிள்ளை பிறந்தால் தோட்டத்துக் கிராணி அதில் பெயர், நாள், தாய் தகப்பன் எல்லாம் எழுதி முத்திரை குத்துவார். மாரியின் பெயரையும் எழுதினார். அஞ்சலையின் புருஷன் அதைப் பார்த்துவிட்டு வந்து, "எழுதியாச்சு" என்று சொல்லி எங்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான். எங்களுக்கு வீடு கொடுத்தது தோட்டம், மருந்து கொடுத்தது தோட்டம், செத்தால் பெட்டி கொடுத்தது தோட்டம். தோட்டத்துப் புத்தகத்தில் பெயர் ஏறிவிட்டால் அரசாங்கத்துப் புத்தகத்திலும் ஏறிவிட்டது என்றுதான் அத்தனை பேரும் நம்பினோம். உன் பெயர் ஏறியது எங்கள் சாமர்த்தியத்தால் இல்லை. நீ வயிற்றில் குறுக்கே கிடந்தாய், அதனால் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், அங்கே இருந்தவர்கள் தாளை நிரப்பிக் கையில் கொடுத்தார்கள். நீ குறுக்கே கிடந்தாய், அவன் நேராக வந்தான். உங்கள் இருவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

தமிழ்ப்பள்ளியில் பெரிய வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு அவனைச் சேர்த்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒன்றாகப் போனீர்கள், ஒன்றாகப் பந்து உதைத்தீர்கள், ஒன்றாக என்னிடம் அடி வாங்கினீர்கள். பன்னிரண்டு வயதில் மாவட்டப் போட்டிக்குப் போனபோது அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். விளையாட்டுப் பள்ளிக்குப் பிள்ளைகள் எடுக்கிறார்கள், உங்கள் பள்ளிக்கு ஒரே இடம். ஆட்டம் முடிந்ததும் அவர் வாத்தியாரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "அந்த இடதுகால் பையன். அவன் வராவிட்டால் இவன்." இடதுகால் பையன் மாரி. இவன் என்றது உன்னை. இரண்டு வாரத்துக்குள் பிறப்புச் சூராட்டோடு வரவேண்டும் என்றார். அப்போதுதான் அஞ்சலைக்கு அந்தப் புத்தகம் செல்லாது என்றே தெரிந்தது.

அவள் புருஷன் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். மருத்துவச்சிக் கிழவியும் இல்லை. பிறந்ததை நேரில் பார்த்த ஒருவர் ஐசி அடையாள அட்டையோடு வந்து சொன்னால் பார்க்கலாம் என்று பதிவு அலுவலகத்தில் நாள் கொடுத்திருந்தார்கள். பார்த்தவள் நான் ஒருத்திதான். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நீ சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். என்னடா என்று கேட்டேன். "மாரிக்கு சூராட் கெடச்சா என்னை எடுக்க மாட்டாங்கம்மா" என்றாய். உன் கண்ணில் தண்ணீர் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்காக உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. நீ பிள்ளை, மனதில் பட்டதைச் சொன்னாய். முடிவு எடுத்தவள் நான். முப்பது வயதைத் தாண்டியவள், புத்தி தெளிந்தவள், உன் அப்பாவிடம்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அஞ்சலை திருவிழாவுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். காய்ச்சல் என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "படுங்கக்கா, நான் போயி சொல்லிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினாள். மத்தியானம் வெறுங்கையோடு திரும்பி வந்தவள், சேலையை மாற்றாமலே எனக்கு ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அதைக் குடித்தேன். இல்லாத காய்ச்சலுக்கு அந்த ரசத்தைக் குடித்தவள் நான். அடுத்த தடவை போகலாம் என்று சொன்னேன். அடுத்த தடவை பால் நிறுக்க ஆள் இல்லை என்றேன். அதற்கு அடுத்த தடவை அவள் கேட்கவில்லை. நீ அதற்குள் விளையாட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாய். இனிமேல் நான் போய்ச் சாட்சி சொன்னால், அன்றைக்கு ஏன் வரவில்லை என்று நாலு பேர் கேட்பார்களே என்று பயம். ஒரு பொய்யைக் காப்பாற்ற நான் வருஷக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அஞ்சலை நெஞ்சுச் சளியில் செத்துப்போனாள். எடுத்துப் போனபோது நான் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதேன். அதையும் நினைவில் வைத்திருக்கிறேன்.

நீ நன்றாக விளையாடினாய், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். உழைத்தாய். விடுமுறைக்கு வந்தால்கூட வெயிலில் ஓடிக்கொண்டிருந்தாய். மாநிலக் குழுவில் உன் பெயர் வந்த நாளில் பீடோங் சாப்பாட்டுக் கடையில் எல்லோருக்கும் உன் அப்பா தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். இந்த வீடு நீ காலால் சம்பாதித்தது. நான் உட்காருகிற நாற்காலி, குளிர்பெட்டி, என் நெஞ்சில் வைத்திருக்கிற குழாய் வரைக்கும் உன் பந்து கொடுத்ததுதான். ஆனால் ஒரு ஆட்டம் இருக்கிறது, உனக்கு நினைவிருக்கும். கடைசி நிமிடங்களில் கோல் கட்டத்துக்குள் போய் விழுந்தாய். தொலைக்காட்சியில் மெதுவாகத் திருப்பிக் காட்டினார்கள். எதிராளியின் கால் உன்மேல் படவே இல்லை. பெனால்டி கிடைத்தது, ஜெயித்தீர்கள். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டு நின்றாய். அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "அவன் கால் பட்டுச்சா?"

"அதெல்லாம் கேம்லாப்பா. எல்லாரும் செய்றதுதான்."

அப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் உன் ஆட்டம் ஒன்றையும் பார்க்கவில்லை, கண் வலிக்கிறது என்று சொல்லிச் சமாளித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா, உனக்குப் பாயசம் ஊற்றினேன். அவரைப் பார்த்து, பிள்ளை ஜெயித்துவிட்டு வந்திருக்கிறான், இதென்ன விசாரணை என்று சத்தம் போட்டேன். ஜெயித்தால் சரி என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு யாரும் இல்லை, நான்தான். காய்ச்சல் என்று படுத்துக் காட்டியவள் பெற்ற பிள்ளை, அடி படாமலே விழுந்து காட்டினான்.

பிறகு முட்டி போனது. இரண்டு அறுவை சிகிச்சை, ஒரு வருஷம் உட்கார்ந்தே இருந்தாய். அப்போது உன்னைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. முடி வெட்டும் கடை திறக்க உன்னைக் கூப்பிட்டார்கள், கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள், கொஞ்ச நாளில் அதுவும் குறைந்தது. பழைய ஆட்டக்காரனைப் பார்த்துப் பையன்கள் "இவரு யாருண்ணே" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில்தான் கட்சிக்காரர்கள் வந்தார்கள். நீயும் ஒரே கதவைத் தட்டவில்லை. முதலில் ஒரு கட்சி, அங்கே இடம் இல்லை என்றதும் இன்னொன்று, கடைசியில் இது. மூன்று நிறத்திலும் உன்னிடம் சட்டை இருக்கிறது, துவைத்துக் காயப்போட்டவள் நான்தான். அரசியலுக்குப் போவது தப்பு என்று நான் சொல்லவில்லை. பந்து உதைத்தவனும் போகலாம், பால்மரம் வெட்டியவளும் போகலாம். போய் என்ன செய்கிறாய் என்பதுதான்.

மெர்போக்கில் ஒரு சாவு வீட்டுக்குப் போனாய். நானும் போயிருந்தேன், இறந்தது எனக்குத் தெரிந்த பெண். மலர்வளையத்தில் உன் பெயரும் கட்சிப் பெயரும் இறந்தவளின் பெயரைவிடப் பெரிதாக இருந்தன. உன் ஆள் அவள் மகனின் முழங்கையைப் பிடித்து இழுத்து, "அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்றான், படம் எடுப்பதற்கு. அழுதுகொண்டிருந்தவன் திரும்பினான். நீ அவன் தோளில் கைபோட்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாய். படம் எடுத்து முடிந்ததும் முகம் பழையபடி ஆனது, அவ்வளவு சீக்கிரம். நான் பெட்டிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளித்தேன், சாவு வீட்டுக்குப் போனதற்காக மட்டும் இல்லை.

அதைக்கூட மறந்திருப்பேன். போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பீடோங் மண்டபத்தில் நீ செய்ததை மறக்கமாட்டேன். என்னை முன்வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போட்டார்கள். மாரியை மேடைக்குக் கூப்பிட்டாய். பதிவு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார், நேரில் பேசலாம் என்று சொல்லித்தான் அவனை அழைத்திருக்கிறார்கள். அவன் செம்பனைக் குலை வெட்டுகிற வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு, தலையைப் படியச் சீவிக்கொண்டு, தாள்களையெல்லாம் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதிகாரி யாரும் வரவில்லை. உன் ஆட்கள் அவனுக்குக் கட்சிச் சட்டையை மாட்டினார்கள். ஒரு கதவு அகலத்துக்கு அட்டையில் ஐசி செய்து, அதில் அவன் படத்தை ஒட்டி, எண் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சைபர் போட்டுக் கையில் கொடுத்தார்கள். நாற்பது வயதைத் தாண்டியவன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். நீ ஒலிவாங்கியில், "இவன் என் உயிர் நண்பன். நாங்க ரெண்டு பேரும் ஒரே திடல்ல ஓடினவங்க. நான் கெடாவுக்கு ஆடினேன், இவன் நாடே இல்லாம நிக்கிறான். என்னைச் சட்டமன்றத்துக்கு அனுப்புங்க, இந்த அட்டைய உண்மையாக்கிக் காட்டுறேன்" என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் அழுதாள். மாரி யாரையும் பார்க்கவில்லை, அட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். கடைசியில் ஓர் அரிசி மூட்டையும் நீ கையெழுத்துப் போட்ட பந்தும் கொடுத்து அனுப்பினீர்கள். பந்து, மாரிக்கு.

அந்த அட்டையை அவன் மகள் அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறாள். அவளுடைய சூராட்டை நான் பார்த்திருக்கிறேன். தாயின் பெயர் இருக்கிறது. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தகவல் கிடைக்கவில்லை என்று அச்சடித்திருக்கிறது. அவனுக்கு ஐசி இல்லாததால் கோயிலில் நடந்த கல்யாணத்தைப் பதிய முடியவில்லை. லைசென்ஸ் எடுக்க முடியாது. சாலையில் போலீஸ் நிற்கிறது என்று தெரிந்தால் மோட்டாரைச் செம்பனைக் காட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய் அவர்கள் போகும்வரை உட்கார்ந்திருப்பான். போன வருஷம் கையில் அரிவாள் பட்டபோது, வெளிநாட்டான் கட்டணம் கேட்பார்கள் என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் துணியைச் சுற்றிக்கொண்டான். இரண்டு விரல் இன்னும் மடங்காது. உன் மேடைக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை, அட்டை போதுமாக இருந்தது.

உன்னை நம்பி அவன் உட்கார்ந்திருக்கவில்லை. மகளின் பள்ளி ஆசிரியை ஒருத்தி ஒரு வருஷமாக அவனோடு அலைந்து மறுபடியும் மனு போட்டிருக்கிறாள். மண்டபக் கூத்துக்கு மறுநாள் காலையில் அவன் அழைப்புக் கடிதத்தோடு என்னிடம் வந்தான். செவ்வாய்க்கிழமை, பிறந்ததைப் பார்த்த சாட்சியோடு வரவும். "அத்தை, நீங்க ஒரு ஆளுதான் இருக்கீங்க" என்றான். அன்று மத்தியானம் நீ சாப்பிட வந்தாய். உனக்கு மீன் குழம்பு ஊற்றிவிட்டு, இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொன்னேன். காய்ச்சலைச் சொன்னேன், ரசத்தைச் சொன்னேன். சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கிற தாளில் அதையும் எழுதப் போகிறேன், அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் இன்னொரு பொய் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். நீ இடிந்துபோவாய் என்று நினைத்தேன். என்னைத் திட்டுவாய், எழுந்து போய்விடுவாய், குறைந்தது கையைக் கழுவுவாய் என்று நினைத்தேன்.

நீ மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "இது வேற யாருக்கும்மா தெரியும்?" என்று கேட்டாய்.

யாருக்கும் தெரியாது என்றேன். உன் முகத்தில் நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். "நல்லதாப் போச்சு. தேர்தல் முடியட்டும்மா. என் இடமே அவன் இடம்னு எவனாவது கெளப்பிவிட்டான்னா நான் முடிஞ்சேன். ஜெயிச்சிட்டா ஒரு போன் போதும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாய். அழைப்புக் கடிதத்தில் நாள் போட்டிருக்கிறதே என்றேன். அப்போது நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "இத்தனை வருஷம் இல்லாமதானே இருந்தான். இன்னும் ரெண்டு வாரத்துல என்ன ஆயிடப் போவுது?" சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாய். நானும் ஊற்றினேன். நீ போன பிறகு உன் தட்டைக் கழுவ எனக்குக் கை வரவில்லை. அன்று முழுவதும் அது அப்படியே கிடந்தது.

சரவணா, உனக்குத் தெரியாத ஆளாக இருந்தால் அரசியல்வாதி என்று காறித் துப்பிவிட்டு வேலையைப் பார்க்கலாம். நீ அவனோடு ஒரே பாலைக் குடித்தவன். அவன் ஆட வேண்டிய இடத்தில் ஆடினாய் என்று தெரிந்த பிறகும் உனக்கு வந்த முதல் நினைப்பு ஓட்டு. எனக்கு வயது எழுபதை நெருங்குகிறது. சர்க்கரை, நெஞ்சில் குழாய், போன மாதம் குளியலறையில் ஒருமுறை மயங்கி விழுந்தேன். உன் இரண்டு வாரத்தில் நான் போய்விட்டால் மாரி பிறந்ததைப் பார்த்த கண் உலகத்தில் ஒன்றும் இருக்காது. அப்புறம் நீ எத்தனை போன் போட்டாலும் அவன் பிறக்காதவன்தான்.

மறுநாள் பஸ் பிடித்து மாரி வீட்டுக்குப் போனேன். அவனை உட்காரவைத்துச் சொன்னேன். அவன் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். கேட்டு முடித்ததும் பிடியைக் கீழே வைத்தான். பிறகு, "எங்கம்மா கடைசிவரைக்கும் உங்களுக்குக் காய்ச்சல்னுதான் நம்புச்சு" என்றான். அவ்வளவுதான். எழுந்து பின்பக்கம் போய்விட்டான். அவன் மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள், குடிக்க முடியவில்லை. காலில் விழக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை, விழுந்தால் அதையும் அவன் தாங்க வேண்டும். நான்கு நாள் அவனிடமிருந்து தகவல் இல்லை. சாட்சி வேண்டாம் என்று விட்டுவிட்டானோ என்று தூங்காமல் கிடந்தேன். வியாழக்கிழமை வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. உள்ளே வரவில்லை. வேலிக்கு வெளியே நின்று, "பஸ் ஏழரைக்கு, அத்தை. ஐசிய மறந்துடாதீங்க" என்றான்.

தாள் தயார். அந்த ஆசிரியைதான் தட்டச்சு செய்தாள், சத்தியம் வாங்குகிறவர் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காய்ச்சல் விஷயம் தேவையில்லைம்மா, பிறந்ததை மட்டும் சொன்னால் போதும் என்று அவள் சொன்னாள். எழுது என்றேன். அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை, என் மகனுக்கு இடம் கிடைப்பதற்காக நான் வரவில்லை என்று மலாயில் இரண்டு வரி. அவள் வாசித்துக் காட்டியபோது என் பெயருக்குக் கீழே அது எவ்வளவு சின்னதாக இருந்தது தெரியுமா. நீ கட்சிக்காரர்களோடு காமிரா எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் வந்துவிடாதே. வந்தால் எல்லோர் முன்னாலும் அந்த இரண்டு வரியை நான் சத்தமாக வாசிப்பேன். இது மிரட்டல் என்று எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள். தாயாக ஒன்று சொல்கிறேன், வேண்டுமானால் கேள். நீ ஜெயித்தால் உன் வாசலில் மாரிகள் பிளாஸ்டிக் பையோடு வந்து நிற்பார்கள். அவர்களை மேடையில் ஏற்றாதே. பக்கத்தில் உட்காரவைத்துப் பையில் என்ன இருக்கிறது என்று வாங்கிப் படி. படம் எடுக்க ஆள் இல்லாத நாளில் படி.

நேற்று மாரி தாள்களைச் சரிபார்க்க மறுபடி வந்தான், இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தான். சனிக்கிழமை நான் ஓட்டுப் போடப் போவதே இல்லை என்று அவனிடம் சொன்னேன். உன் படத்துக்கு நேராகப் பேனாவால் குறிபோட எனக்கு மனம் வரவில்லை, வேறு ஆளுக்குப் போடவும் கை வராது. அப்போதுதான் தோன்றியது, என் ஓட்டை வீணாக்குவதற்குப் பதில் இவனிடம் கேட்கலாமே என்று. "நீ இதுவரைக்கும் ஓட்டே போட்டதில்ல. என்னோடத உனக்குத் தர்றேன். நீ யாருன்னு சொல்லு, நான் போயி போட்டுட்டு வர்றேன்" என்றேன். உன் பெயரைத் தவிர எதை வேண்டுமானாலும் சொல்லுவான் என்று நினைத்தேன், சொல்ல வேண்டும் என்று ஆசையும் பட்டேன்.

அவன் அந்த மடங்காத விரல்களைத் தேய்த்துக்கொண்டான். "சராவுக்குத்தான் அத்தை. மத்தவனுங்கள எனக்குத் தெரியாது" என்றான். பிறகு, "ஆனா அந்த மேடைக்கு இனிமே என்னைக் கூப்பிட வேணாம்னு சொல்லிடுங்க" என்றான். இரண்டையும் சொல்லிவிட்டேன்.

ஆகவே சனிக்கிழமை உனக்கு ஓட்டுப் போடுவேன். ஆனால் அதை உன் அம்மா போட்டதாக எண்ணிக்கொள்ளாதே. அது மாரி போட்டது.

உன் அம்மா